மைன்லேப் ஜிபிஎக்ஸ் 5000: அந்த டபுள் டி காயிலைக் கழற்றி மூலையில் போடாதீர்கள்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்கம் தேட ஒரு பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் (மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் மெஷின்) வேண்டும், புது மாடல்களின் விலைக்குக் கை வரவில்லை என்றால், மைன்லேப் நிறுவனத்தின், நல்ல நிலையில் இருக்கும் பழைய ஜிபிஎக்ஸ் 5000 ஒன்றைத் தேடி வாங்குங்கள். வாங்கும்போது அதோடு 11 அங்குல டபுள் டி காயில் (தரைமேல் வீசிப் பார்க்கும் வட்டத் தட்டு) இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் "அது எதற்கு, மோனோ இருக்கிறதே" என்பார். இல்லை, அதுவும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மெல்பர்னில் இருக்கும் நம்மாட்கள் சிலர் என்னிடம் இந்த மெஷினைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: எவ்வளவு ஆழம் போகும்? அடுத்த கேள்வி, எத்தனை அங்குல காயில்? இந்த மெஷினில் நான் மதிக்கிற விஷயம் இந்த இரண்டு கேள்விகளிலும் வரவே வராது. கண்ட்ரோல் பாக்ஸின் முகப்பில் மூன்று நிலை கொண்ட ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. டபுள் டி, மோனோ, கேன்சல். காயில் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அந்த சுவிட்ச்தான் முடிவு செய்கிறது. இந்த விமர்சனம் முழுக்க அதைப் பற்றித்தான்.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன், இது புரியாமல் காயில் வாங்கினால் காசுதான் வீண். காயிலுக்குள் சில ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்றி, அதைச் சட்டென்று அறுக்கிறார்கள். அறுத்த நொடியில் காயிலின் இரு முனைகளுக்கும் இடையே நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் இந்தத் திடீர் மாற்றத்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும், கிளம்பிய வேகத்தில் தேயவும் தொடங்கும். அது தேயும்போது காயிலில் உண்டாக்கும் மைக்ரோ வோல்ட் கணக்கான சிக்னலைத்தான் நாம் ஹெட்ஃபோனில் கேட்கிறோம். பெரிய தங்கக் கட்டியில் அந்த மின்னோட்டம் நின்று நிதானமாகத் தேயும். அரிசி மணி அளவு தங்கத்தில் சில மைக்ரோ செகண்டிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

இங்கேதான் கேட்கும் காயிலின் பிரச்சினை. மோனோ காயிலில் அனுப்புவதும் கேட்பதும் ஒரே சுற்று. இப்போதுதான் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறிய அதே கம்பி, பத்து மைக்ரோ செகண்ட் போலக் கழித்து மைக்ரோ வோல்ட்டைக் கேட்க வேண்டும். கோயில் திருவிழாவில் காதோரம் அதிர்வேட்டு வெடித்த கையோடு கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கச் சொல்வது மாதிரி. அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் மெஷின் கேட்கத் தொடங்கலாம், அவ்வளவு சின்னத் தங்கம் தட்டுப்படும்.

அது அடங்குவதைத் தீர்மானிப்பவை காயிலின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்), அதோடு ஒட்டிக்கொண்டே வரும் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்), பிறகு அதிர்வை அடக்கும் டேம்பிங் ரெசிஸ்டர். இந்த வகை மெஷின்களின் காயில் பெரும்பாலும் 300 மைக்ரோ ஹென்றி சுமாருக்குச் சுற்றப்பட்டிருக்கும். கெப்பாசிட்டன்ஸ் எங்கிருந்து வருகிறது? சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கொஞ்சம், கம்பிக்கும் வெளியே பூசிய ஷீல்டுக்கும் நடுவே கொஞ்சம், கேபிளில் கொஞ்சம். சாதாரண கோஆக்சியல் கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் வரை சேர்க்கும். எல்லாம் சேர்ந்து 300 பிக்கோ ஃபாரட் என்றால் காயிலின் சொந்த அதிர்வெண் 530 கிலோ ஹெர்ட்ஸ் வரும், டேம்பிங் ரெசிஸ்டர் 500 ஓம் பக்கம் இருக்க வேண்டும். அதே காயிலை அலட்சியமாகச் சுற்றி, கேபிளையும் நீளமாக விட்டு 600 பிக்கோ ஃபாரட் ஆக்கிவிட்டால் அதிர்வெண் 375 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், காயில் அடங்க அதிக நேரம் பிடிக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு பிளாஸ்டிக் வட்டம்தான்.

இதனால்தான் நல்ல மோனோ காயில் செய்பவர்கள் கம்பியைக் கொத்தாகக் கட்டாமல், ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்று என்று தட்டையாக, சுருள் கோலம் போடுவது போலப் பரப்பிச் சுற்றுகிறார்கள். சுற்றுகளுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸ் குறையும். கம்பியும் தடித்த ஒற்றைக் கம்பி கிடையாது, தனித்தனியாக இன்சுலேஷன் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி. ஒற்றைத் தடிக் கம்பி என்றால் அந்தச் செம்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி, காயில் தன்னையே தங்கமாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ஷீல்டுக்கும் இதே கதி உண்டு. அலுமினியத் தாளைச் சுற்றினால் வெளிச்சத்தம் தடைபடும், ஆனால் தாளே ஓர் இலக்காகிவிடும். அதனால் மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் கிராஃபைட் பூச்சுதான் சரி.

இனி டபுள் டி. ஆங்கில டி எழுத்தைப் போல இரண்டு சுற்றுகள், முதுகோடு முதுகு ஒட்டி நடுவில் கொஞ்சம் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்பது கணக்கு. அனுப்பும் சுற்றின் காந்தப்புலம் கேட்கும் சுற்றுக்குள் ஒரு பக்கம் மேல்நோக்கியும் இன்னொரு பக்கம் கீழ்நோக்கியும் சமமாகப் பாய்ந்து, கூட்டிப் பார்த்தால் பூஜ்யத்துக்கு நெருக்கமாக வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தச் சமநிலை கெடும், அதனால்தான் உள்ளே எபாக்சி ஊற்றி இறுக்கிவிடுகிறார்கள்.

இதில் இரண்டு ஆதாயம். கேட்கும் சுற்று பெரிய மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டியதில்லை, அதனால் மெல்லிய கம்பியில் சுற்றலாம், சுற்றுகளின் எண்ணிக்கையைத் தனியாகத் தீர்மானிக்கலாம், அதற்கென்று தனி டேம்பிங் வைக்கலாம். அதிகமாகச் சுற்றினால் சிக்னல் கூடும், கூடவே இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் கூடி வேகம் குறையும், எங்கே நிறுத்துவது என்பது தயாரிப்பவரின் கைத்திறன். இரண்டாவது ஆதாயம், விக்டோரியாவின் தங்க வயல் பகுதியான தங்க முக்கோணத்தில் உயிர் காப்பது: மண்ணின் சத்தம்.

அந்தப் பக்கத்து மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செக்கச்செவேல் என்ற களிமண், மேலே மிளகும் கொண்டைக்கடலையும் கொட்டியது மாதிரி இரும்புக்கற்கள். காட்டுத்தீ அடிக்கடி எரிந்த இடங்களில் மேலடுக்குக் கற்கள் வெந்து மாக்ஹெமைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு ஆகியிருக்கும். அதன் நுண்ணிய துகள்களுக்கு ஒரு குணம் உண்டு, காந்தப்புலம் போன பிறகும் உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மெதுவாகத் திரும்பும். மெஷினுக்கு அது தேய்ந்துகொண்டிருக்கும் உலோகச் சிக்னல் போலவே கேட்கும். மோனோ காயில் இந்த மண் சிக்னலை முழுதாக வாங்கிக்கொள்கிறது, பிறகு கிரவுண்ட் பேலன்ஸ் மின்னணுவியல்தான் அதைக் கழிக்க வேண்டும். டபுள் டி காயிலில் மண்ணின் பொதுவான சிக்னலில் பெரும்பகுதி கேட்கும் சுற்றுக்குள் வரும்போதே அடிபட்டுவிடுகிறது. கழிக்க வேண்டியது குறைவு, அதனால் மிச்சம் நிற்கும் முனகலும் குறைவு.

அந்தப் பகுதியில் இருக்கும் டனாலி ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இதைப் பளிச்சென்று கேட்டேன். பழைய சுரங்கக்காரர்கள் தோண்டிக் கொட்டிய வெள்ளைக் களிமண் குவியல்கள் கீழே, மேலே போகப்போக இரும்புக்கல். குவியல்கள் பக்கம் மோனோ அமைதியாக, அழகாக வேலை செய்தது. மேட்டில் ஏறியதும் த்ரெஷோல்ட் ஒலி (ஹெட்ஃபோனில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய அடிநாதம்) அலையலையாக ஏறி இறங்க ஆரம்பித்தது, காயிலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினாலே ஓலம். பச்சை பட்டனை அழுத்திக்கொண்டு காயிலை ஏற்றி இறக்கி மறுபடி பேலன்ஸ் செய்தால் நாலு எட்டுக்கு நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை. டபுள் டியை மாட்டி, சுவிட்சையும் டபுள் டிக்குத் திருப்பியதும் அந்த ஏற்ற இறக்கம் படிந்துவிட்டது. அதே மேட்டில், அந்த அமைதிக்குள், த்ரெஷோல்ட் லேசாகக் குழிந்து எழுந்த ஓர் இடம். எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதே இடத்தில் அதே குழிவு. கணுக்கால் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தது ஒரு கிராமுக்கும் குறைவான, ஓரமெல்லாம் இரும்புக்கல் ஒட்டிய தங்கத் துண்டு. மோனோவின் ஓலத்துக்கு நடுவே அந்தக் குழிவை என் காது பிரித்தெடுத்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்காக மோனோவைக் குறைத்துச் சொல்லவில்லை. மண் அடங்கியிருக்கும் இடத்தில் ஆழத்திலும் சின்னத் தங்கத்திலும் மோனோதான் மேல். காயிலின் ஓரம், அதாவது கம்பி ஓடும் இடம், மிகக் கூர்மையாகக் கேட்கும். ஓரத்தை மண்ணில் உரசியபடி புதர் அடியிலும் பாறை இடுக்கிலும் நுழைத்துப் பார்க்கலாம். மேலாகக் கிடக்கும் பொருள் என்றால் முன் ஓரத்தில் ஒன்று, பின் ஓரத்தில் ஒன்று என்று இரண்டு முறை கத்தும். அது பழகிவிட்டால் "இது மேலேயே இருக்கிறது" என்று மண்ணைத் தொடாமலே சொல்லிவிடலாம். ஆனால் மோனோவின் புலம் கீழே போகப்போகக் கூம்பாகக் குறுகும், வீச்சுக்கு வீச்சு பாதிக் காயிலாவது மேலே ஏறி வர வேண்டும், இல்லாவிட்டால் ஆழத்தில் இடைவெளி விட்டுப் போவீர்கள். டபுள் டி முன்னிருந்து பின்வரை கத்தி போல ஒரே அகலத்தில் இறங்குகிறது, அதனால் ஒரு நிலத்தை முழுதாகச் சல்லடை போடுவதற்கு அதுதான் வசதி.

டைமிங், அதாவது மெஷின் துடிப்பை அனுப்பிக் கேட்கும் நேர அமைப்பு, அந்த விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த மெஷினில் ஃபைன் கோல்ட், என்ஹான்ஸ் போன்ற டைமிங்குகள் வந்த பிறகு, மோசமான மண்ணிலும் மோனோவை ஓரளவு ஓட்டிவிடலாம். டபுள் டியைப் பலரும் கைவிட்டதற்குக் காரணமே அதுதான், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஃபைன் கோல்டும் மோனோவும் சேர்ந்தால் மேலாகக் கிடக்கும் பொடித் தங்கத்துக்கு அருமையான ஜோடி, நானும் அதிக நேரம் அதில்தான் ஓடுகிறேன். ஆனால் டைமிங்கைக் கடுமையாக்கி மண்ணை அடக்கும்போது சில வகைத் தங்கமும் சேர்ந்து அடங்கிவிடும். நார்மல் டைமிங்கில் டபுள் டி ஓட முடிகிற மண்ணில், கடுமையான டைமிங்கில் மோனோ ஓட்டுவதை விட முன்னதுதான் ஆழத்தில் பெரிய துண்டைக் காட்டும் என்பது என் துணிபு.

இப்போது அந்த மூன்றாவது நிலை, கேன்சல். இதை யாரும் தொடுவதே இல்லை. டபுள் டி காயிலின் இரண்டு சுற்றுகளையும் எதிரெதிராக வைத்துக் கேட்கும் ஏற்பாடு இது. தூரத்து மின்கம்பி, இடி மின்னல், ரேடியோ எல்லாம் இரண்டு சுற்றுக்குள்ளும் ஒரே அளவில் வரும், எதிரெதிராகக் கூட்டினால் அடிபட்டுப் போகும். பக்கத்தில் மண்ணுக்குள் இருக்கும் உலோகம் ஒரு சுற்றுக்கு அருகிலும் மற்றதற்குத் தள்ளியும் இருப்பதால் அது அடிபடாது. எட்டு வடிவில் காயில் சுற்றுகிறவர்கள் பயன்படுத்துவதும் இதே தத்துவம்தான். ஆழம் கணிசமாகக் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மின்கம்பிக்குக் கீழே ஓடும் ஓடைப் பள்ளம் ஒன்றில் மோனோவைத் தூக்கினாலே சங்கு ஊதியது, வெளிச்சத்தம் குறைந்த அலைவரிசையைத் தானே தேடும் ஆட்டோ ட்யூனை அழுத்தி ஒரு நிமிடம் போலக் காத்திருந்தும் பயனில்லை. கேன்சலில் போட்டதும் நடக்க முடிந்தது. மற்றவர்கள் சத்தம் தாங்காமல் விட்டுப்போன இடம் என்பதே அந்தப் பள்ளத்தின் மதிப்பு. நண்பரும் இன்னொரு பல்ஸ் மெஷினோடு பக்கத்தில் வந்து இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்போதும் இது கைகொடுக்கும்.

மைன்லேப் காயில் விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை. 1995இல் எஸ்டி 2000 வந்ததிலிருந்து இந்த வரிசை ஓடுகிறது. 2015இல் வந்த ஜிபிஇசட் 7000இல் சூப்பர் டி என்று ஒரு காயில் வைத்தார்கள், அனுப்பும் சுற்று நடுவில், கேட்கும் சுற்றுகள் இரண்டு பக்கமும். 2021இன் ஜிபிஎக்ஸ் 6000 எடை நன்றாகக் குறைந்துவிட்டது, முதுகில் பேட்டரி சுமக்க வேண்டாம். ஜிபிஎக்ஸ் 5000இல் பேட்டரியை முதுகில் கட்டி, சுருள் கேபிளால் மெஷினோடு இணைத்து, இழுபடும் பஞ்சி கயிற்றில் மெஷினைத் தொங்கவிட்டுத்தான் நாள் முழுக்க நடக்க வேண்டும். தோள் வலிக்கும், புதருக்குள் கேபிள் மாட்டும், அது உண்மை. இரும்பைத் தவிர்க்கும் அயர்ன் ரிஜெக்ட் வசதியும் டபுள் டி நிலையில் மட்டும்தான், அதுவும் மேலாக இருக்கும் இரும்புக்குத்தான் வேலை செய்யும். பழைய சுரங்க முகாம்களில் குதிரைலாட ஆணியும் தகரமும் குவிந்து கிடக்கிற இடத்தில் அது கொஞ்சம் முதுகை மிச்சம் பிடிக்கும். ஆனால் அதை முழுக்க நம்பித் தோண்டாமல் விட்டுவிட்டு வராதீர்கள்.

மைனர்ஸ் ரைட் அனுமதிச் சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஒருமுறை எடுத்தால் 10 வருஷம் செல்லும். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். 1869இல் வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் என்ற பெரிய தங்கக் கட்டி கிடைத்த மோலியகல் பக்கத்திலேயே வாய் பிளந்து கிடக்கும் குழிகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பழைய காயில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு தனிநபரிடம் வாங்கிய பெரிய மோனோ காயில், எந்தத் தயாரிப்பு என்பது இங்கே வேண்டாம், புல்லில் பட்டாலே கத்தியது. உள்ளே சுற்று ஒட்டுவிட்டு அசைந்திருக்கிறது. கம்பி மயிரிழை அசைந்தாலும் கெப்பாசிட்டன்ஸ் மாறும், மெஷினுக்கு அது சிக்னல். அதனால் காசு கொடுக்கும் முன் மெஷினில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். உலோகம் இல்லாத இடத்தில் காயிலைப் பிடித்துக்கொண்டு விரல் முட்டியால் விளிம்பு முழுக்க தட்டுங்கள், த்ரெஷோல்ட் அசையக் கூடாது. கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தில் மெதுவாக வளைத்துப் பாருங்கள், அங்கேதான் முதலில் அறும். அடித்தட்டைக் கழற்றி உள்ளே ஈரக் களிமண் சேர்ந்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள், இரும்புச்சத்துள்ள சேறே பாதிப் பொய்ச் சத்தத்துக்குக் காரணம். கேபிளைத் தண்டோடு வெல்க்ரோவால் இறுக்கிக் கட்டுங்கள், தளர்ந்து ஆடினால் அதுவும் கத்தும். கடைசியாக ஏர்கன்னின் ஈயக் குண்டு ஒன்றைக் கையோடு கொண்டு போய், விரல்களுக்கு இடையே பிடித்து காயிலின் விளிம்பு முழுவதும், பிறகு நடுவிலும் ஓட்டுங்கள். மோதிரமும் கடிகாரமும் கழற்றிவிட்டு. மோனோ என்றால் விளிம்பு எங்கும் ஒரே அளவு கேட்க வேண்டும், டபுள் டி என்றால் நடுக்கோடு முன்னிருந்து பின்வரை ஒரே அளவு கேட்க வேண்டும். எங்காவது ஓர் இடத்தில் செத்துக் கிடந்தால், அல்லது இதையெல்லாம் செய்யவிடாமல் விற்பவர் அவசரப்படுத்தினால், வாங்காமல் வந்துவிடுங்கள்.